எலியா திருநாள் தாண்டிய புல்

ரஃபீலா பிறந்ததே ஓடுகிற வண்டியில்தான். அவள் அம்மா மேட்டு வெளியிலிருந்து காய்ந்த புல் பாரத்தின் மேல் உட்கார்ந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள். வீடு போய்ச் சேரும்வரை பொறுக்க மாட்டாமல், ஆலைத் திருப்பத்திலேயே பிள்ளை புல்லுக்குள் விழுந்து கத்தியது. ஞானஸ்நானத்தன்று பாதிரியார் முக்கி எடுப்பதற்கு முன்னால் தானாகவே தொட்டிக்குள் பாய்ந்துவிட்டாள் என்றும் எங்கள் வெர்ஷெனி ஊரில் சொல்வார்கள். நம்பாதவர்கள் அவள் நடையைப் பார்க்காதவர்கள். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகும் அவள் தெருவில் போனால் கோழிகள் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்று, பின்னால் வரப்போகிற காற்றுக்காகக் கண்ணை மூடிக்கொள்ளும்.

அவள் புருஷன் நிக்கிஃபோர் நேர்மாறானவன். நிதானஸ்தன். செத்தது கூட மூன்று குளிர்காலம் யோசித்து யோசித்துத்தான் செத்தான். அவன் போன பிறகு ரஃபீலாவுக்கு மிஞ்சியது ஒரு வீடு, மேட்டில் ஒரு புல்வெளி, க்ளூஜ் நகரத்தில் கட்டிக்கொடுத்த மகள் சபீனா, அப்புறம் பக்கத்து வெளிக்காரர் கெராசிமோடு தீராத ஒரு எல்லைச் சண்டை.

சண்டை ஒரு அரிவாள் வீச்சு அகல நிலத்துக்காக. நீளக் காம்பு அரிவாளை ஒரு ஆள் நின்ற இடத்தில் ஒருமுறை வீசினால் எவ்வளவு புல் விழுமோ அவ்வளவு அகலம். நீளம் மட்டும் காட்டோரம் வரைக்கும். கூட்டுப்பண்ணையைக் கலைத்து நிலத்தை அவரவருக்குத் திருப்பிக் கொடுத்த காலத்தில் அளக்க வந்த ஆள், மதியச் சாப்பாட்டைக் கெராசிம் வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஒருமுறை அளந்தான். ராத்திரிச் சாப்பாட்டை நிக்கிஃபோர் வீட்டில் முடித்துவிட்டு மறுபடி ஒருமுறை அளந்தான். அந்தத் துண்டு யாருடையது என்று அந்தத் துண்டுக்கே தெரியாது.

ஆனால் ரஃபீலாவின் பெருமை எல்லையில் இல்லை, அரிவாளில் இருந்தது. ஜூன் கடைசியில் வருகிற புனித பேதுரு திருநாளுக்கு மறுநாள் விடியும்போது ஊரில் கேட்கிற முதல் சாணைச் சத்தம் அவளுடையது. முதல் புல் போர் அவளுடையது. அடுத்தவர்கள் அரிவாளைத் தேடிக்கொண்டிருக்கும்போது அவள் போரின் உச்சியில் நின்று, "என்ன, எல்லாரும் செத்துட்டீங்களா?" என்று கீழே பார்த்துக் கேட்பாள்.

அப்படிப்பட்டவள்தான் காத்திருப்பதற்குக் காசு வாங்கச் சம்மதித்தாள்.

மாவட்ட அலுவலகத்திலிருந்து லவீனியா என்ற அதிகாரி வந்து, பஞ்சாயத்துக் கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்து, கைபேசியில் ஒரு சத்தத்தைப் போட்டுக் காட்டினாள். சீப்புப் பல்லை நகத்தால் இழுத்த மாதிரி, க்ரெக்ஸ், க்ரெக்ஸ்.

"கிரிஸ்டெல்னு ஒரு பறவைங்க. தரையிலதான் கூடு கட்டும், நடுப் புல்லுக்குள்ள. நீங்க சீக்கிரம் அறுத்தா குஞ்செல்லாம் அரிவாள்ல போயிடும். அதனால ஜூலை மாசம் முடியற வரைக்கும் புல்லைத் தொடாம விடுங்க. உரம் வேணாம், மருந்து வேணாம், டிராக்டர் வேணாம். கையால அறுங்க, நடுவுல இருந்து ஓரமா அறுங்க, பறவை வெளியே ஓட வழி கிடைக்கும். வருஷா வருஷம் அரசாங்கம் காசு தரும். ஆனா அஞ்சு வருஷ ஒப்பந்தம். நடுவுல ஒரு நாள் முந்தி அறுத்தாலும் வாங்கின மொத்தமும் திருப்பிக் கட்டணும்."

"அறுத்ததை யாரும்மா பாக்கப் போறா?" என்று கெராசிம் கேட்டார்.

"நான் வருவேன். நான் வராட்டி வானத்துல இருந்து படம் எடுப்பாங்க."

கூடமே மேலே பார்த்தது. கெராசிம் மட்டும் தொப்பியை இழுத்து வழுக்கையை மூடிக்கொண்டார்.

மற்றவர்கள் பேதுரு திருநாள் வரைக்கும் மட்டும் காத்திருக்கும் சின்னத் திட்டத்தில் சேர்ந்தார்கள். கூட்டம் கலைந்ததும் ரஃபீலா திரும்பி வந்து, யாரும் பார்க்காதபோது பறவைத் திட்டத்தில் கையெழுத்துப் போட்டாள். அவளுக்கு ஒரு எருமை வேண்டியிருந்தது. பசுவுக்கு இளம்புல் வேண்டும். எருமை முற்றின புல்லையும் முகம் சுளிக்காமல் மென்று, அதையே கட்டித் தயிராக்கித் தரும். கணக்கு சரியாக வந்தது. முதல் இரண்டு வருஷத்துக் காசில் ஒரு கிடாரி வாங்கினாள். வியாழக்கிழமை பிறந்தது என்பதால் ஊர் வழக்கப்படி அந்தக் கிழமையின் பெயரை ஒட்டி அதற்குப் பெயர் ஜோயானா.

ஜோயானா சேற்றுக் குட்டையில் இறங்கினால் சாயங்காலம் வரை அசையாது. மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் ஒரே முகம். ரஃபீலா குட்டைக் கரையில் நின்று, "உன் பொறுமையில கால்வாசிய எனக்குக் குடுடீ" என்பாள். ஜோயானா காதை ஆட்டும், கொடுக்காது.

கணக்கில் விட்டுப்போனது ஊர்ப் பேச்சு. எங்கள் பக்கம் எலியா திருநாளுக்கு மேல் புல் நின்றால் அந்த வீட்டில் சோம்பேறி இருக்கிறான் என்று அர்த்தம், இல்லையென்றால் பிணம் இருக்கிறது என்று அர்த்தம். எலியா தன் நெருப்புத் தேரை வானத்தில் ஓட்டுகிற அந்த ஒரு நாள் யாரும் அரிவாளைத் தொட மாட்டார்கள், தொட்டால் போரில் இடி விழும். அதற்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். எலியா திருநாளோ ஜூலை இருபது. திட்டமோ மாசக் கடைசி வரை. இடையில் கிடக்கிற நாட்களுக்கு என்ன பதில் சொல்வது? ஒரு குருவிக்காக என்றா? முதல் போர் போட்ட ரஃபீலாவா?

"என்னோடது தனித் திட்டம், எலியா திருநாள் வரைக்கும்தான் தடை" என்று ஊரில் சொல்லி வைத்தாள். அப்புறம் வருகிற நாட்களுக்கு ஒவ்வொரு வருஷமும் ஒரு கதை கட்டினாள். ஒரு வருஷம் கையில் கட்டுப் போட்டுக்கொண்டாள். திங்கட்கிழமை வலது கையிலும் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இடது கையிலும் கட்டு இருந்தது. ஒரு வருஷம் அரிவாள் காம்பைச் செல் அரித்துவிட்டது. ஒரு வருஷம் காட்டுத் தேனீ வெளியைப் பிடித்துக்கொண்டு அவளை உள்ளே விடவில்லை. இன்னொரு வருஷம் செத்துப்போன நிக்கிஃபோர் கனவில் வந்து, "அவசரப்படாதே" என்றானாம். அதை மட்டும் எல்லோரும் நம்பினார்கள். அவன் அப்படித்தான் சொல்வான்.

ஐந்தாவது வருஷம் வந்தது. கடைசி வருஷம். இதைத் தாண்டிவிட்டால் எருமை அவளுடையது. தாண்டாவிட்டால் ஐந்து வருஷத்துக் காசுக்கு ஜோயானாவைத் தவிர விற்பதற்கு வீட்டில் வேறொன்றும் இல்லை.

அந்த வருஷம் பார்த்து வெயில் பளீரென்று அடித்தது. புல் இடுப்பளவு நின்றது. பக்கத்து வெளிகளெல்லாம் அறுத்து, புரட்டி, உலர்த்தி, போர் போட்டு முடிந்துவிட்டது. ரஃபீலா தினமும் காலையில் அடைகல்லை மடியருகே இழுத்து வைத்து, சுத்தியலால் அரிவாள் விளிம்பைத் தட்டிக் கூராக்கினாள். வேறு வேலை இல்லாததால் மாலையிலும் தட்டினாள். தட்டித் தட்டி அலகு வெங்காயத் தோல் மாதிரி ஆகி, அதன் வழியாகச் சூரியன் தெரிந்தது. எலியா திருநாள் கழிந்த மறுநாள், என்ன செய்கிறோம் என்று தெரியாமலே அரிவாளைத் தோளில் போட்டுக்கொண்டு பாதி மேடு ஏறிவிட்டாள். குட்டையிலிருந்து ஜோயானா பார்த்தது. ரஃபீலாவுக்கு முதுகில் வேர்த்துவிட்டது.

இந்தக் கால் என்னைக் கொண்டுபோய்க் கவிழ்த்துவிடும், இதை ஊரை விட்டுக் கிளப்ப வேண்டும் என்று முடிவு செய்தாள். கெராசிமின் மனைவி வீகாவிடம், எருமைக்குத் தண்ணி காட்டச் சொல்லி வீட்டுச் சாவியைக் கொடுத்தாள்.

"சபீனாவுக்கு உடம்பு முடியலையாம். படுத்த படுக்கையாம். போயிட்டு வரேன்."

"ஐயோ, என்ன வியாதிக்கா?"

ரஃபீலா வியாதியை யோசித்து வைக்கவில்லை. "பேரே வாயில நுழையாத வியாதி" என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினாள்.

படுத்த படுக்கையான சபீனா நாலாவது மாடிப் படியில் இரண்டு கையிலும் பையோடு ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். ரஃபீலா அன்றைக்கே வீட்டைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள். ஜன்னலைக் கழற்றிக் கழுவினாள். பக்கத்து வீட்டு ஜன்னலையும் கழுவினாள். அந்த வீட்டு மனிதர் குளித்துவிட்டு வெளியே வந்து, தன் ஜன்னலில் ஒரு அந்நியப் பெண் தொங்குவதைப் பார்த்துத் திரும்பக் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

"அம்மா, கொஞ்சம் உக்காரேன். உன்னைப் பாத்தா எனக்கு மூச்சு வாங்குது."

"உக்காந்துதானே இருக்கேன்."

"உக்காந்துக்கிட்டே பரணைத் துடைக்கற ஒரே பொம்பள நீதான்."

மூன்றாம் நாள் சபீனா வேலை முடிந்து வந்தபோது குடியிருப்புக்கு முன்னால் ஒரு கூட்டம். நகராட்சிப் புல்தரை மொத்தமும் அறுபட்டு, நடுவில் கழுத்தளவு ஒரு புல் போர் நின்றது. ரஃபீலாவின் கையில் ரொட்டிக் கத்தி. காவலாளி தலையில் கை வைத்துக்கொண்டிருந்தான்.

"இங்க எந்தப் பறவையும் இல்லை, பாத்துட்டேன்" என்றாள் ரஃபீலா, மகளிடம்.

அப்போது கைபேசி அடித்தது. வீகா.

"அக்கா, சபீனா எப்படி இருக்கா? பாவம். சரி, ஒண்ணு கேக்கணும். உப்புப் போட்ட பன்றிக் கொழுப்பு அறையில தொங்குது, கண்டுபிடிச்சிட்டேன். பிளம் சாராயத்தை எங்க வெச்சிருக்க?"

"சாராயம் எதுக்குடீ?"

"அட, அறுக்கறவங்களுக்குத்தான்! வெறும் வயித்தோடவா அறுப்பாங்க? என் வீட்டுக்காரரு ஊர்ல நல்ல ஆளாப் பாத்துச் சொல்லிட்டாரு. மக சாகக் கிடக்கா, புல்லு நிக்குது, எலியாவும் போயாச்சு, நாம பாத்துக்கிட்டு இருந்தா மனுசங்களான்னு. நாளைக்குக் காலையில மேட்டு வெளி மொத்தமும் அறுத்துடறோம். நீ ஒண்ணும் கவலைப்படாதே, அக்கா."

ரஃபீலா வாய் திறப்பதற்குள், அவளையே முந்திக்கொண்டு வீகா கைபேசியை வைத்துவிட்டாள். மறுபடி கூப்பிட்டால் எடுக்கவில்லை. வீகா கைபேசியை ரொட்டிப் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் சமைப்பாள் என்பது ஊருக்கே தெரியும்.

முதல் பேருந்து விடியற்காலைதான். அதில் அவள் உட்காரவே இல்லை. ஓட்டுநருக்குப் பின்னால் நின்று, மேடு வரும்போதெல்லாம் முன் இருக்கையைப் பிடித்துத் தள்ளினாள். அவள் தள்ளியதால்தான் அன்றைக்கு வண்டி நேரத்துக்கு முன்னால் போனது என்று ஓட்டுநர் இன்றும் சொல்கிறார். கடைசித் துண்டுப் பாதைக்கு ஒரு பால் வண்டி கிடைத்தது. இரும்புப் பாலத்தில் அது செம்மறியாட்டு மந்தைக்காக நின்றபோது, கதவைத் திறந்துகொண்டு ஓடத் தொடங்கினாள்.

மேட்டு வெளியில் ஆறு பேர் ஒருவர் பின் ஒருவராகச் சாய்வரிசையில் நின்றிருந்தார்கள். வழிகாட்டக் கெராசிம் தனியாக அறுத்த முதல் வரிசை காட்டோரம் வரை விழுந்து, பச்சை வாசனை சரிவெல்லாம் பரவியிருந்தது. கெராசிம் இடுப்பில் தொங்கிய, தண்ணீர் ஊற்றிய மாட்டுக் கொம்பிலிருந்து ஈரச் சாணைக்கல்லை எடுத்து அலகில் இழுத்துவிட்டு, இரண்டாவது வரிசைக்குக் காலை அகட்டினார்.

"நிறுத்துய்யா!"

அரிவாள்கள் ஆறும் காற்றில் நின்றன.

"ரஃபீலா!" கெராசிம் தொப்பியைக் கழற்றினார். "முடிஞ்சிடுச்சா? எப்போ அடக்கம்?"

"எவளுக்கு அடக்கம்? என் மக குத்துக்கல்லு மாதிரி இருக்கா. யாரைக் கேட்டு என் புல்லுல அரிவாளை வெச்சீங்க?"

"கேக்கணுமா? எலியா போயாச்சு."

ரஃபீலா மூச்சு வாங்க நின்றாள். ஆறு பேரும் அவளைப் பார்த்தார்கள். கட்டுவதற்கு ஒரு கதையும் கைக்கு அகப்படவில்லை.

"எலியா வரைக்கும் இல்லைய்யா. மாசக் கடைசி வரைக்கும். நான் பொய் சொன்னேன். கை ஒடிஞ்சதும் பொய், தேனீயும் பொய். ஒரு பறவைக்காகக் காசு வாங்கியிருக்கேன். இது அஞ்சாவது வருஷம். இன்னைக்கு நீங்க அறுத்தா நாளைக்கு ஜோயானா சந்தையில."

அப்போது பத்தடி தள்ளி நடுப் புல்லுக்குள்ளிருந்து சீப்பை இழுத்த மாதிரி, க்ரெக்ஸ், க்ரெக்ஸ்.

"இதுக்கா?" என்றார் கெராசிம். "இதைவிட நல்லா நான் குறட்டை விடுவேன். முப்பது வருஷமா எனக்கு எவன் காசு குடுத்தான்?"

"குடுக்கறதா? நாந்தான் அபராதம் போடணும்" என்றாள், சாப்பாட்டுக் கூடையோடு அப்போதுதான் மேடேறி வந்த வீகா. ஒருவன் சிரித்தான். அப்புறம் ஆறு பேரும் சிரித்தார்கள். கூலி வாங்காமல் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் கைமாற்று வேலைக்கு வந்தவர்களைப் பட்டினியாக அனுப்பக் கூடாது. அறுக்காமல் விட்டதற்காக ரஃபீலா அவர்களுக்கு உப்புக் கொழுப்பும் வெங்காயமும் மக்காச்சோளக் களியும் போட்டாள். சாராயம் எங்கே இருக்கிறது என்றும் கடைசியில் சொன்னாள்.

ஆனால் ஒரு வரிசை விழுந்துவிட்டதே. லவீனியா அடுத்த நாள் காலை கடைசிப் பார்வைக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள்.

"நட்டுடலாம்" என்றான் சாராயம் அதிகமாகக் குடித்த ஒருவன். அதுவும் நடந்தது. ஆறு ஆண்கள் முழங்காலில் உட்கார்ந்து, அறுத்த புல்லைப் பிடி பிடியாகத் தரையில் குத்தி நிறுத்தினார்கள். வெயில் ஏறியதும் எல்லாம் பிரசங்கத்தில் தூங்குகிறவன் தலை மாதிரி ஒரே பக்கம் சாய்ந்தது. அவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

ரஃபீலா மட்டும் வெளி ஓரத்தில் மேலும் கீழும் நடந்தாள். அவள் நடந்த தடத்தில் ஒரு புதுப் பாதையே உண்டாகிவிட்டது. நடந்து நடந்து எல்லைக்கல் அருகே வந்தபோதுதான் கவனித்தாள்: விழுந்த வரிசை கல்லுக்கு இந்தப் பக்கம், சரியாக ஒரு அரிவாள் வீச்சு. கெராசிமுடைய பெருந்தன்மையிலும் ஒரு கள்ளம் இருந்திருக்கிறது. உதவிக்கு வந்த மனிதர், முதலில் தன் துண்டு என்று தான் சொல்லிக்கொண்டிருந்ததிலிருந்துதான் ஆரம்பித்திருக்கிறார்.

"திருட்டுக் கிழவா" என்று அவர் வீட்டுத் திசையைப் பார்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டு, நடப்பதைக் கூட மறந்து நின்றாள்.

காலையில் லவீனியாவின் கார் வந்தது. விஷயம் தெரிந்த ஊர் பின்னாலேயே வந்தது. லவீனியா கைக்கணினியைப் பிடித்தபடி ஓரமாக நடந்து, அறுத்த வரிசையின் மொட்டைத் தாளடியில் நின்றாள்.

"இது யார் அறுத்தது?"

"நான்தான் மேடம்" என்றார் கெராசிம். தொப்பி கையில் கசங்கிக்கொண்டிருந்தது.

"யார் நிலம்?"

ரஃபீலாவின் கால் கட்டைவிரல் செருப்புக்குள் துடித்தது. இந்தத் துண்டுக்காக அவள் கெராசிமின் நாயைக் கூட ஜென்ம விரோதியாக நடத்தியிருக்கிறாள். நிக்கிஃபோர் சாகும்போது கடைசியாகச் சொன்னது, "அந்தத் துண்டை விட்டுடு, ரஃபீலா" என்பதுதான். அவள் விடாமல், அவன் மனம் மாறிச் சொல்வான் என்று காத்திருந்தாள், அவன் செத்துவிட்டான்.

"அவரோடது" என்றாள்.

"என்னது?" என்றார் கெராசிம்.

"அவரோடதுன்னு சொன்னேன். செவிடா?"

"ஆனா உங்க வரைபடத்துல இதுவும் உள்ள இருக்கே" என்றாள் லவீனியா.

"எல்லையை நடந்து காட்டினவ நான்தானே மேடம். எனக்குக் கால் நிக்காது, ஊரைக் கேளுங்க. ஒரு வீச்சு தள்ளி நடந்துட்டேன்."

லவீனியா கெராசிம் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. இது உங்க நிலமா?"

அவள் 'ஆம்' என்றால் 'இல்லை' என்பதுதான் கெராசிமின் பழக்கம். வாய் அந்தப் பழக்கத்தில் திறந்தே விட்டது. வீகா அவர் பாதத்தின் மேல் ஏறி நின்றாள். கீழே குட்டையில் ஜோயானா மூக்கு வரை மூழ்கி, தன் தலைவிதியை யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல் கிடந்தது.

"என்னோடதுதான் மேடம்" என்றார் அவர் கடைசியில். "இந்தப் பொம்பள இத்தனை வருஷத்துல பேசின முதல் உண்மை. அதனாலதான் எனக்குக் கொஞ்சம் தலை சுத்திருச்சு."

லவீனியா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளும் ஒரு கிராமத்தில் பிறந்தவள்தான். கைக்கணினி வரைபடத்தில் எல்லைக் கோட்டை ஒரு வீச்சு உள்ளே தள்ளி வரைந்தாள். "இந்தத் துண்டுக்கான காசு கழியும். மத்ததெல்லாம் அப்படியே நிக்குது. ஆனா இனிமே கோடு இதுதான். நாளைக்கு எல்லைத் தகராறுன்னு ரெண்டு பேரும் என்கிட்ட வரக் கூடாது." கெராசிம் தலையாட்டினார். ரஃபீலாவும் ஆட்டினாள். கழுத்து சிறிது தாமதமாகத்தான் ஆடியது.

மிச்ச நாட்களை அவள் எப்படிக் கடத்தினாள் என்று கேட்காதீர்கள். வேலி முழுவதையும் பிடுங்கி மறுபடி நட்டாள். கோயில் மணியை மூன்று தடவை துடைத்து, அகால வேளைகளில் ஊரைத் திடுக்கிட வைத்தாள். மேகம் வந்தால் மேகத்தைத் திட்டினாள். மேகம் இல்லாவிட்டால் படம் எடுக்கிறவர்களை அண்ணாந்து பார்த்துத் திட்டினாள். இப்போது மறைக்க ஒன்றுமில்லை என்பதால் தெருவில் எல்லோரும் அவளைப் பார்த்து "க்ரெக்ஸ்" என்றார்கள். அவளும் திருப்பி "க்ரெக்ஸ்" என்றாள்.

ஆகஸ்ட் முதல் தேதி கிழக்கு வெளுத்தபோது அவள் வெளியின் நடுவில் நின்றிருந்தாள். நடுவிலிருந்து ஓரமாக, சொன்னபடி அறுத்தாள். வெயில் ஏறும்போது, அவளுக்கு முன்னால் புல் அசைந்தது. கோழிக்குஞ்சு அளவில் கறுப்பாக நாலைந்து, தாய்க்குப் பின்னால் ஓட்டமாக ஓடிக் காட்டோரத்தில் மறைந்தன. ஒரு நிமிஷம் கூட நில்லாத ஓட்டம்.

"பறக்கத் தெரிஞ்ச ஜென்மம் எதுக்கு இப்படிக் கால்தெறிக்க ஓடுது?" என்று கேட்டுவிட்டு, யாரும் பதில் சொல்வதற்குள் அடுத்த வீச்சை வீசினாள்.

பொழுது சாய்வதற்குள் கெராசிம், துண்டிலிருந்து முன்பே அறுத்து உலர்ந்திருந்த புல்லைக் கவைக்கோலில் குத்திக் கொண்டுவந்து அவள் பக்கம் போட்டார்.

"இது என்ன?"

"உன் புல்லு."

"என் புல்லா? யார் துண்டுல விளைஞ்சது?"

"துண்டு என்னோடதுதான், கோடு போட்டாச்சு. புல்லு விளைஞ்சப்போ அது உன்னோடதா இருந்துச்சு. எடுத்துக்க."

"ஊர் முன்னாடி உன்னோடதுன்னு சொல்லிட்டேன். எனக்குப் பிச்சை வேணாம்." அவள் கவையை வாங்கி, புல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் வீசினாள். அவர் இந்தப் பக்கம் வீசினார். "யோவ், எடுத்துட்டுப் போய்யா!" "நீ எடுத்துட்டுப் போடீ, பிடிவாதக்காரி!" புல் எல்லைக்கல்லின் மேல் போவதும் வருவதுமாக இருந்தது. கீழே தெருவில் வீகா கதவைத் திறந்து சத்தத்தைக் கேட்டாள். பழையபடிதான் என்று நிம்மதியாக மூடிக்கொண்டாள்.

ஜோயானா குட்டையிலிருந்து எழுந்தது. தண்ணீர் சொட்டச் சொட்ட, ஒரு அவசரமும் இல்லாமல் மேடேறி வந்தது. இருவருக்கும் நடுவில், கல்லை உடம்பால் மறைத்து நின்று, விழுந்துகொண்டிருந்த புல்லில் வாயை வைத்து மெல்லத் தொடங்கியது.